வீட்டில் கட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பூர்வீகம் தேடுவது எப்படி: பாலக்காடு எல்லைப் பக்கத்துக்கான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கம் ஏதோ ஒரு தோப்புக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த இரண்டு சீட் வண்டி உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாழ்வான பாடி, நீளமான பானெட், கம்பெனிப் பெயர் எங்கும் கிடையாது. ஆர்.சி. புத்தகத்தில் ஃபியட் என்றோ ஸ்டாண்டர்டு என்றோ இருக்கும். வண்டியைப் பார்த்தால் இரண்டும் இல்லை. விற்றவர் சொன்னது ஒன்றுதான், சென்னைப் பக்கத்துச் சோழவரம் கார் பந்தயத்தை மனதில் வைத்து: "சோழவரத்துல ஓடுன வண்டிங்க இது."

கம்பெனியில் செய்த வண்டி என்றால் சேஸிஸ் எண்ணை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். வீட்டில் கட்டிய வண்டிக்கு அப்படி ஒரு பேரேடு எங்கும் இல்லை. அதற்குப் பிறந்த தேதியும் ஒன்றல்ல. சேஸிஸுக்கு ஒரு வயது, எஞ்சினுக்கு ஒரு வயது, பாடிக்கு ஒரு வயது, மீட்டர்களுக்கு வேறொரு வயது. காகிதத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் வயது மட்டும்தான். அதனால் முதலில் இரும்பைப் பாருங்கள், பிறகு காகிதம், கடைசியில் ஆட்களிடம் பேச்சு. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கதையைக் கேட்டு நம்பிவிட்டு, அதற்கு ஏற்ற தடயத்தைத் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்காமலா போகும்?

கழுவுவதற்கு முன்

வண்டி வந்த முதல் வாரம் எதையும் கழற்றக் கூடாது, கழுவக் கூடாது, சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பவே கூடாது. சீட்டுக்கு அடியில் கிடக்கும் குப்பைகூட ஒரு பையில் போட்டு வைக்க வேண்டிய பொருள். பழைய வரி டோக்கன், பெட்ரோல் பங்க் பில், இன்சூரன்ஸ் துண்டு எல்லாம் அங்கேதான் சிக்கும். இன்சூரன்ஸ் தாளில் இருக்கும் கம்பெனிப் பெயரே காலம் சொல்லும். 1973 ஜனவரியில் பொதுக் காப்பீடு முழுவதும் அரசுடைமையாகி நான்கு கம்பெனிகளாக ஒடுங்கியது. அந்த நான்கில் இல்லாத பழைய தனியார் பெயர் இருந்தால் தாள் அதற்கு முந்தையது.

தேவைப்படும் சாமான்கள் அதிகமில்லை: நல்ல டார்ச், சிறு காந்தம், வெர்னியர் காலிப்பர், 5 மீட்டர் டேப், திரெட் கேஜ் (போல்ட் மரை அளக்க), 4பி பென்சில், மெல்லிய வெள்ளைத் தாள், மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், வேஸ்ட் துணி. படம் எடுக்கும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு படம் வேண்டும். ஒன்று அது எங்கே இருக்கிறது என்று காட்டும் தூரப் படம், இன்னொன்று பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த கிட்டப் படம். கிட்டப் படம் மட்டும் எடுத்து வைத்தால் ஆறு மாதம் கழித்து அது எந்த பிராக்கெட் என்று உங்களுக்கே தெரியாது.

சேஸிஸ் எண்ணை அச்செடுத்தல்

ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி.க்குப் போகிறவர்கள் செய்யும் அதே பென்சில் பிரிண்ட்தான். ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டும். எண் இருக்கும் இடத்தில் கிரீஸும் மண்ணும் கெட்டியாகப் படிந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அரை மணி நேரம் மேலே போட்டு ஊறவிட்டு, டூத் பிரஷால் தேயுங்கள். உப்புத்தாள், கிரைண்டர், வயர் பிரஷ் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. எழுத்தின் ஆழமே 1 மி.மீ.க்குக் கீழேதான், ஒரு இழுப்பில் போய்விடும். காய்ந்த பிறகு சாக்பீஸைக் குறுக்காகத் தேய்த்தால் எழுத்துப் பள்ளங்களில் வெள்ளை நிற்கும். படம் எடுங்கள். துடைத்துவிட்டு, தாளை இறுக்கிப் பிடித்து பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். மூன்று பிரதி எடுத்து, ஓரத்தில் தேதியும் இடமும் எழுதுங்கள்.

அச்சில் பார்க்க வேண்டியது எண்ணை மட்டுமல்ல. எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா, ஒரே அச்சு ஆணியால் அடித்தவையா, சுற்றியிருக்கும் இரும்பில் ராவிய தடம் தெரிகிறதா, எண் தகட்டில் இருந்தால் அந்தத் தகடு பாப் ரிவெட்டில் நிற்கிறதா? சந்தேகம் வந்தால் அப்படியே எழுதி வையுங்கள். அழிந்துபோன எண்ணை "திரும்ப அடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அது குற்றம். ஆராய்ச்சியும் அங்கேயே செத்துவிடும்.

அடி வண்டி எது

1953 வாக்கில், இந்தியாவில் பாகங்கள் செய்யாமல் வெறும் அசெம்பிளி மட்டும் நடத்திய வெளிநாட்டுக் கம்பெனிகள் வெளியேற வேண்டி வந்தது. அதன்பின் கார் என்றால் கல்கத்தா இந்துஸ்தான், பம்பாய் பிரீமியர், மதராஸ் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றுதான். ஆகவே 1950களுக்குப் பின் கட்டிய ஸ்பெஷல்களில் (வீட்டில் கட்டிய வண்டிகளுக்கு அப்படித்தான் பெயர்) பெரும்பாலும் இவற்றின் உறுப்புகளே இருக்கும். அதற்கு முந்தையது என்றால் ஆஸ்டின் செவன், மாரிஸ் எயிட், ஃபியட் டோப்போலினோ போன்றவை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் மதராஸில் வந்தது. அதன் பாடி தனி, சேஸிஸ் தனி. போல்ட்டுகளைக் கழற்றிப் பாடியைத் தூக்கிவிட்டால் ஓடக்கூடிய சேஸிஸ் அப்படியே நிற்கும். ஸ்பெஷல் கட்ட நினைத்தவனுக்கு இதைவிட வசதி வேறில்லை. பின்னால் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங், ஜாக்கியில் தூக்கினால் பின் சக்கரங்கள் கால் மடங்குவதுபோல் உள்பக்கம் சாயும். இந்த இரண்டையும் பார்த்தால் ஹெரால்டு என்று எழுதலாம். ஃபியட் 1100-103க்கும் அம்பாசிடருக்கும் தனி சேஸிஸ் கிடையாது. அந்த எஞ்சின் ஒரு ஸ்பெஷலில் இருந்தால், கட்டியவர் பைப்பிலோ சேனலிலோ தானே சேஸிஸ் போட்டிருக்க வேண்டும், அல்லது வேறு வண்டியின் சேஸிஸைக் கொண்டுவந்திருக்க வேண்டும். அப்போது ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி.

வீல்பேஸை (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள நீளம்) அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: ஹெரால்டு 2324 மி.மீ., ஃபியட் 1100-103 2340, அம்பாசிடர் 2464, மாரிஸ் மைனர் 2184, ஸ்டாண்டர்டு டென் 2134. ஆனால் வீல்பேஸ் பொய் சொல்லும். வண்டியைக் குட்டையாக்கச் சேஸிஸை நடுவில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். கீழே படுத்து சேஸிஸின் நீளச் சட்டத்தின் உள்பக்கம் விரலால் தடவுங்கள், ஒட்டுப் பட்டி கையில் தட்டும். இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை மாற்றுவது கஷ்டம். ஆக்ஸிலையே வெட்ட வேண்டும். அதனால் அந்த அளவைத்தான் அதிகம் நம்பலாம்.

எஞ்சினைத் திறக்காமல் அளப்பது

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக மெல்லிய மரக்குச்சியை விட்டு, கிராங்கைக் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஒரு கோடு, அடியில் நிற்கும்போது இன்னொரு கோடு. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் ஸ்ட்ரோக். பிளக் துளை சாய்வாக இருந்தால் ஒன்றிரண்டு மி.மீ. கூடவே காட்டும். எஞ்சின் பிடித்துப் போயிருந்தால் ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் டீசலும் எண்ணெயும் கலந்து விட்டு இரண்டு நாள் ஊறப்போடுங்கள். நீளமான பைப்பை மாட்டி முக்கிச் சுற்றினால் ரிங் உடையும்.

அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் 89 மி.மீ., போர் (சிலிண்டர் விட்டம்) 73. இதை எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. ஃபியட் 1089 சி.சி.க்கு ஸ்ட்ரோக் 75, போர் 68. வம்பு 76இல்தான். ஸ்டாண்டர்டு எயிட் (803 சி.சி., போர் 58), ஸ்டாண்டர்டு டென், ஹெரால்டு (948 சி.சி., போர் 63), மாரிஸ் மைனரின் 803, 948, ஆஸ்டின் செவன் (747 சி.சி., போர் 56) எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரோக் ஏறத்தாழ 76தான். போதாக்குறைக்கு மைனரும் ஹெரால்டும் ஒரே 948 சி.சி. அளவில் 76 வந்தால் அதோடு நிறுத்திவிட்டு, பிளாக்கில் வார்த்திருக்கும் எழுத்துகளைத் தேடுங்கள். கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறைகள் பக்கத்திலேயே இருப்பதால் மூடி, மேனிஃபோல்டு, வாட்டர் பம்ப் போன்றவை உள்ளூரில் வார்த்தவையாக இருக்கலாம். அவற்றில் தெரியும் மணல் அச்சின் சொரசொரப்பும் பட்டறை அடையாளமும் மதிப்புள்ள தடயம். பாலிஷ் போட்டுவிடாதீர்கள்.

பாடியின் வயது

பெரும்பாலும் யாரும் எழுதி வைக்காத வயது இதுதான். போல்ட் மரைகளிலிருந்து தொடங்குங்கள். விட்வொர்த், பி.எஸ்.எஃப். மரை என்றால் பழைய பிரிட்டிஷ் வழி; யு.என்.எஃப். என்றால் 1950களில் பிரிட்டிஷ் வண்டிகள் மாறிய பிந்தைய வழி, ஃபியட்டில் மெட்ரிக். பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள் எல்லாம் ஒரே இனமாக இருந்தால் கட்டியவர் ஒரே மூச்சில் கட்டியிருக்கிறார். மூன்று இனமும் கலந்திருந்தால் பல கை பட்ட வண்டி.

அடுத்து மின்சாமான்கள். லூகாஸ் கம்பெனியின் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் மாதமும் ஆண்டும் சின்னதாகக் குத்தியிருக்கும். "6 58" என்றால் 1958 ஜூன். லூகாஸ்-டிவிஎஸ் என்று இருந்தால் 1961க்கு முன் போகாது. டேஷ்போர்டில் பிரிக்கால் மீட்டர் இருந்தால் அந்த மீட்டர் 1975க்கு முந்தியதல்ல. ஒற்றைப் பாகம் பின்னால் மாற்றியதாக இருக்கலாம். ஆனால் டேஷ்போர்டு துளையே அந்த மீட்டரின் அளவுக்கு வெட்டியிருந்து, பழைய துளையை அடைத்த தடமும் இல்லையென்றால், டேஷ்போர்டே அந்தக் காலத்தது.

காந்தத்தை பாடி முழுக்க நகர்த்துங்கள். ஒட்டாத இடம் அலுமினியமோ ஃபைபரோ தடித்த பட்டிப் பூச்சோ. விரல் முட்டியால் தட்டினால் சத்தம் வித்தியாசம் சொல்லும். இடது மட்கார்டையும் வலது மட்கார்டையும் ஐந்தாறு இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் 10 மி.மீ.க்கு மேல் மாறினால் சுத்தியலில் தட்டி உருவாக்கியது. அச்சில் வார்த்த ஃபைபர் பாடி என்றால் சமச்சீராக இருக்கும், உள்பக்கம் கண்ணாடி இழைப் பாயின் தடம் தெரியும். அச்சு இருந்தால் அதே அச்சில் இன்னொரு வண்டியும் பிறந்திருக்கலாம், தேட வேண்டியது இரண்டாகிறது. வெல்டிங்கையும் பாருங்கள். கேஸ் வெல்டிங்கில் அகலமான அலை, ஆர்க்கில் தெறித்த பொட்டு. சீரான கோ-2 வெல்டிங் தெரிந்தால் அது நம் பட்டறைகளுக்குப் பின்னால் வந்தது.

பெயிண்ட் அடுக்கைப் பார்க்க டிக்கிக்குள் கண்ணில் படாத ஓர் இடம் போதும். 3 செ.மீ. வட்டத்தில் 400 வாட்டர் பேப்பரில் தொடங்கி 800, 1200 என்று தண்ணீர் விட்டு சாய்வாகத் தேயுங்கள். மேல் நிறம் ஓரத்திலும் முதல் நிறம் நடுவிலுமாக வளையங்கள் வரும். கதவில் வட்டமாக ஒரு நிற வேறுபாடு தெரிந்தால், அங்கே பந்தய எண் ஒட்டியிருந்திருக்கலாம். அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

காகிதம்: அப்போது அந்த ஊர் யாருடையது

இந்த எல்லைப் பக்கத்தில் தேடல் தடம் மாறுவது இங்கேதான். இன்று பாலக்காடு மாவட்டம் ஒன்று. 1956 நவம்பர் 1க்கு முன் பாலக்காடு நகரம் மதராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டம்; கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுக்கா கொச்சி சமஸ்தானம், 1949 முதல் திரு-கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்). இருபது முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு வண்டிகளின் பழைய கோப்பு இரண்டு அரசுகளிடம் போயிருக்கும். மலபார் ஆவணம் என்றால் கோழிக்கோடு மண்டல ஆவணக் காப்பகமும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகமும்; கொச்சி என்றால் எர்ணாகுளம் மண்டலக் காப்பகம். செங்கோட்டைப் பக்கத்து வண்டிக்குக் கதை தலைகீழ். அது 1956 வரை திரு-கொச்சி, பிறகு மதராஸ்.

பதிவு எண்ணைப் பாருங்கள். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கினால் மதராஸ் மாநிலம். கே.எல்.பி. பாலக்காடு, கே.எல்.ஆர். திருச்சூர், கே.எல்.டி. கோழிக்கோடு. 1989 ஜூலையில் புதிய சட்டம் வந்தபின்தான் கே.எல். 9, டி.என். 37 மாதிரி எண்கள். வேறு மாநிலத்துக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் நிற்கும் வண்டி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். வாளையாறு எல்லையைத் தாண்டிப் போய்வந்த வண்டிக்கு இரண்டு எண் இருப்பது அதிசயமில்லை. பழைய எண்ணைப் பின்பக்க பெயிண்டுக்கு அடியில் தேடுங்கள்.

அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் பி-ரெஜிஸ்டர் (வண்டிப் பதிவேடு) நகல். உங்கள் பெயரில் உள்ள வண்டி என்றால் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "இந்த வண்டியின் வரலாறு என்ன" என்றால் "தகவல் இல்லை" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். "கே.எல்.பி. இத்தனை என்ற எண்ணுக்கான பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்; அந்தப் பதிவேடு அழிக்கப்பட்டிருந்தால் அழித்த உத்தரவின் நகல்; வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அனுப்பிய கடிதத்தின் நகல்" என்று கேளுங்கள். முன்னாள் உரிமையாளர்களின் விலாசத்தை மறைத்துத் தரலாம். அது அவர்கள் உரிமை.

பக்கம் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது 'பாடி வகை' என்ற இடம். 1939 சட்டத்திலும் வண்டியின் அமைப்பை மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். சலூன் என்பதை அடித்து வேறு எழுதி, ஓரத்தில் தேதியும் கையெழுத்தும் இருந்தால், பாடி பிறந்த ஆண்டு உங்கள் கையில். அடித்தல் இல்லையென்றால் கட்டியவர் சொல்லாமல் கட்டியிருக்கிறார் என்று மட்டும்தான் பொருள்.

பழைய விற்பனைக் கடிதங்களில் தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாளக் காலண்டரில், இருக்கலாம். சிங்கம் (ஆவணி) முதல் தனு (மார்கழி) நடுவரை 824, அதன்பின் கர்க்கடகம் (ஆடி) முடிய 825 கூட்டுங்கள். 1130 சிங்கம் என்றால் 1954 ஆகஸ்ட்-செப்டம்பர். 1130 மேடம் (சித்திரை) என்றால் 1955 ஏப்ரல்-மே. எல்லா மாதத்துக்கும் 825 கூட்டி ஓர் ஆண்டு தள்ளி எழுதிவிடுவது வழக்கமான பிழை. தமிழ் ஆண்டுப் பெயர் இருந்தால் 60 ஆண்டுச் சுழற்சியை நினைவில் வையுங்கள். விகாரி 1959-60க்கும் பொருந்தும், 2019-20க்கும் பொருந்தும்.

சோழவரக் கதை

மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது, பிறகுதான் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். கோயம்புத்தூரின் கரிவர்தன் போன்றவர்கள் சொந்தமாகப் பந்தய வண்டி கட்டிய மண் இது. அதனால் கதை உண்மையாக இருக்க இடமுண்டு. ஆனால் தாழ்வான பாடி கொண்ட எல்லா வண்டிக்கும் இந்தக் கதையை ஒட்டிவிடுகிறார்கள்.

நிரூபிக்க நான்கு விவரம் வேண்டும்: எந்த ஆண்டு, யார் ஓட்டியது, என்ன எண், எந்த சி.சி. வகுப்பு. நான்கில் இரண்டு கிடைத்தாலே பழைய செய்தித்தாளைப் புரட்டலாம். சென்னை கன்னிமாரா நூலகத்தில் முதலில் பந்தயத் தேதியைப் பிடியுங்கள், பிறகு அதற்கு அடுத்த மூன்று நாள் விளையாட்டுப் பக்கங்களைப் பாருங்கள். செய்தியில் வண்டிப் பெயர் வெறும் 'ஃபியட் ஸ்பெஷல்' என்று இருக்கும். அது உங்கள் வண்டிதான் என்பதற்கு அது போதாது. படம் வேண்டும். படத்தில் மட்கார்டு வளைவு, விளக்கின் இடம், ரிவெட் வரிசை ஆகியவற்றை உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள்.

பேச்சு

பட்டறை ஆசான்களிடம் கடைசியாகப் போவதற்குக் காரணம், அதற்குள் என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். "சோழவரத்துல ஓடுச்சாமே?" என்று கேட்டால் "ஆமாங்க" என்ற பதில்தான் வரும், மரியாதைக்காகவாவது. "ஆசானே, இந்த வண்டி பட்டறைக்கு வந்தப்போ என்ன எஞ்சின் இருந்துச்சுங்க? கியர் கீழயா, ஸ்டியரிங்லயா?" என்று கேளுங்கள். ஃபியட்டில் கியர் லீவர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும். ஸ்பெஷலில் அதைத் தரைக்கு இறக்கியிருந்தால் அந்த லிங்கேஜைச் செய்த கை யாருடையது என்பது மெக்கானிக்குகளுக்கு மறக்காது. முகமும் பேரும் மறந்தவர்கள்கூட வேலையை நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆண்டு கேட்காதீர்கள். மலம்புழா அணை திறந்த 1955க்கு முன்னா பின்னா, நயா பைசா வந்த பிறகா, எமர்ஜென்சிக்கு முன்னா என்று கேளுங்கள். வண்டிப் படத்தோடு சம்பந்தமில்லாத இன்னும் இரண்டு வண்டிப் படங்களையும் கலந்து காட்டுங்கள். மூன்றையும் "இதுதான்" என்பவரின் சாட்சியைக் குறித்து வையுங்கள், எடை போடாதீர்கள். கட்டியவர் குடும்பத்திடம் கல்யாண ஆல்பம் கேளுங்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இந்த மாதிரி வண்டியை விட்டுவைத்திருக்க மாட்டார்கள், ஆல்பத்தில் தேதியும் ஸ்டுடியோ முத்திரையும் இருக்கும்.

கோப்பு எழுதுவது, பதிவு செய்வது

ஒரு நோட்டில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: சொல்லப்படுவது, ஆதாரம், ஆதாரத்தின் வகை. வகை மூன்றுதான்: இரும்பு, அந்தக் காலக் காகிதம், பேச்சு. உரிமையாளர் வரிசையில் 1962க்கும் 1978க்கும் நடுவே யாரென்று தெரியவில்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகத்தால் நிரப்பினால் அடுத்து வாங்குபவர் அதையே ஆதாரமாகக் காட்டுவார்.

2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை அந்த வகையில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்ணில் 'வி.ஏ.' வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாட ஓட்டத்துக்கு இந்தப் பதிவு உதவாது; கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் வீட்டில் கட்டிய வண்டிக்கு முள். பாடி எப்போது மாறியது என்று பி-ரெஜிஸ்டர் பக்கமும் தேதியுள்ள படமும் இருந்தால் ஆய்வுக் குழுவிடம் பேச ஏதாவது இருக்கும். இல்லாமல் போய் நின்றால், ஆர்.சி.யில் ஃபியட் சலூன், கண்ணெதிரே இரண்டு சீட் திறந்த வண்டி; சட்டவிரோத மாற்றம் என்றே பார்ப்பார்கள். அதனால் விண்ணப்பத்துக்கு முன் பெயிண்ட் அடிக்காதீர்கள், எஞ்சின் மாற்றாதீர்கள். சான்றிட்ட நகல்கள் வந்து சேரும்வரை பென்சில் பிரிண்ட்டின் மூன்று பிரதிகளில் ஒன்றை வண்டியோடு வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.